மடக்கின கையைத் திறந்த தேவன்



இந்த மாதம் ஒரு குத்துச்சண்டைக்காரரைப் பற்றி எழுதுகிறேன். "என்ன பாஸ்டர், சபைப் பத்திரிகையில பாக்ஸிங்கா?" என்று சில தாய்மார்கள் கேட்பீர்கள். 1 கொரிந்தியர் 9ஆம் அதிகாரத்தின் கடைசி வசனங்களை எடுத்து வாசித்துப் பாருங்கள். அப்போஸ்தலனாகிய பவுலே ஓட்டப்பந்தயத்தையும் குத்துச்சண்டையையும் காட்டித்தான் கொரிந்து சபைக்குப் பாடம் நடத்துகிறார். குறியில்லாமல் ஆகாயத்தில் கைவீசுகிற ஆள் நான் இல்லை என்கிறார். அப்படியானால் நாமும் கொஞ்ச நேரம் ரிங் ஓரத்தில் உட்காரலாம், தப்பில்லை.

நான் வளர்ந்தது ராயபுரத்தில். பாக்ஸிங் என்றால் எங்கள் பக்கத்தில் உயிர். 1980ல் முகமது அலி மெட்ராசுக்கே வந்து நேரு ஸ்டேடியத்தில் காட்சிப் போட்டி ஆடிவிட்டுப் போனார். எனக்கு அப்போ 14 வயசு. டிக்கெட்டுக்கு வழியில்லை. ஆனால் அதற்கப்புறம் பல மாதம் எங்கள் தெருவில் இதே விளையாட்டுதான். கையில் பழைய துணியைச் சுற்றிக்கொண்டு குத்துவோம். எல்லாருக்கும் அலியாக இருக்கணும். ஃபோர்மேனாக இருக்க ஒருத்தனுக்கும் இஷ்டமில்லை. கடைசியில் இருக்கிறதிலேயே சின்னப் பையன் தலையில் அதைக் கட்டிவிடுவோம். "நீதான்டா ஃபோர்மேன். எட்டாவது ரவுண்டுல விழுந்துடணும், சரியா?"

அந்தத் தோத்துப்போன ஜார்ஜ் ஃபோர்மேன் 2025 மார்ச் 21ஆம் தேதி, தமது 76ஆம் வயதில் அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரத்தில் காலமானார். செய்தியை என் மகன் செல்போனில் காட்டினான். "அப்பா, இவர் ஒரு பாஸ்டராமே!" என்றான். அன்று ராத்திரி உட்கார்ந்து அவருடைய வாழ்க்கையை வாசிக்க ஆரம்பித்தேன். கர்த்தர் அதன் வழியாக என்னைப் பிடித்துக்கொண்டார். எப்படி என்று கடைசியில் சொல்கிறேன்.

கோபத்தோடு வளர்ந்த பையன்

ஃபோர்மேன் 1949 ஜனவரி 10ஆம் தேதி டெக்சாஸ் மாகாணத்தில் மார்ஷல் என்கிற ஊரில் பிறந்தார். வளர்ந்தது ஹூஸ்டனில் ஏழைகள் வாழ்ந்த ஐந்தாம் வார்டு என்னும் பகுதி. ஏழு பிள்ளைகள் உள்ள வீடு. அம்மா ஒரே ஒரு ஹாம்பர்கரை வாங்கி வந்து, அதைப் பிட்டு எல்லாருக்கும் கொடுப்பார்களாம். பசியும் கோபமும் சேர்ந்து அந்தப் பையனைத் தெருவுக்கு இழுத்தது. பள்ளிக்கூடத்தை விட்டான். போகிறவர் வருகிறவரை அடித்துப் பணம் பறித்தான். இதெல்லாம் அவரே பிற்பாடு வெட்கத்தோடு சொன்ன சாட்சி.

1965ல் ஏழை வாலிபர்களுக்கு அமெரிக்க அரசாங்கம் நடத்திய ஜாப் கோர் என்னும் தொழிற்பயிற்சித் திட்டத்தில் சேர்ந்தார். அங்கேதான் டாக் பிராடஸ் என்னும் பயிற்சியாளர் அவர் கையில் கிளவுஸை மாட்டிவிட்டார். 1967 ஆரம்பத்தில் முதல் போட்டி. 1968 அக்டோபரில் மெக்சிகோ ஒலிம்பிக்கில் தங்கப் பதக்கம்! நடுவில் இரண்டு வருஷம்கூட இல்லை. இறுதிப் போட்டியில் சோவியத் வீரரை இரண்டாம் ரவுண்டிலேயே நிறுத்திவிட்டு, சின்னதாக ஒரு அமெரிக்கக் கொடியைக் கையில் பிடித்து நாலா பக்கமும் தலை வணங்கினார். அப்போது வயது 19.

அடுத்த வருஷமே தொழில்முறை வீரரானார். 1973 ஜனவரி 22ஆம் தேதி ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில், அதுவரை தோல்வியே காணாத உலகச் சாம்பியன் ஜோ ஃப்ரேசியரை இரண்டே ரவுண்டில் ஆறு தடவை கீழே தள்ளி ஹெவிவெயிட் பட்டத்தைப் பறித்தார். 40 போட்டி, 40 ஜெயம். அதில் 37 பேர் முழுச் சண்டை முடியும்வரை நிற்கவே இல்லை!

ஆனால், பிரியமானவர்களே, அந்த நாட்களில் அவருடைய படங்களைப் பாருங்கள். சிரிப்பே இல்லை. பத்திரிகைக்காரரிடம் ஒரு வார்த்தை இல்லை. பையில் பணம் நிறைய, முகத்தில் கசப்பு நிறைய. பதக்கத்தால் கழுத்தை அலங்கரிக்க முடியும். இருதயத்தைத் தொட அதற்குக் கை ஏது?

ஆயிரம் சாக்கு

1974 அக்டோபர் 30. ஆப்பிரிக்காவில் அன்றைக்கு ஸயீர் என்று அழைக்கப்பட்ட நாட்டின் தலைநகர் கின்ஷாசா. அமெரிக்காவில் டெலிவிஷன் பார்க்கிறவர்களுக்கு வசதியாக இருக்கணும் என்று விடியற்காலை நாலு மணிக்குச் சண்டையை வைத்தார்கள். ஃபோர்மேனுக்கு 25 வயது, எதிரே நின்ற முகமது அலிக்கு 32. பெரியவருக்கு அடிபட்டு ஏதாவது ஆகிவிடுமோ என்று அவருடைய ஆட்களே பயந்தார்கள்.

அலி என்ன செய்தார்? கயிற்றில் சாய்ந்துகொண்டார். "அடி" என்று விட்டுவிட்டார். ஃபோர்மேன் அடித்தார், அடித்தார், அடித்துக்கொண்டே இருந்தார். பலம் எல்லாம் கையை விட்டு ஒழுகிப்போனது. எட்டாம் ரவுண்டில் அலி கயிற்றை விட்டு வெளியே வந்தார். ஃபோர்மேன் விழுந்தார். அவ்வளவுதான்.

நான் நிறுத்தி யோசித்த இடம் இதற்கு அடுத்தது. தோற்றபின் ஃபோர்மேன் என்ன சொன்னார் தெரியுமா? ரிங்கின் கயிறு தொளதொளவென்று இருந்தது என்றார். நடுவர் வேகமாக எண்ணிவிட்டார் என்றார். கண்மேல் பட்ட வெட்டு பயிற்சியைக் கெடுத்தது என்றார். தண்ணீரில் யாரோ மருந்து கலந்துவிட்டார்கள் என்றுகூடச் சொன்னார். அலி என்னைவிட நன்றாகச் சண்டை போட்டார் என்கிற ஒன்றை மட்டும் சொல்ல அவருக்கு நாக்கு வரவில்லை. அதுவரை தோற்றதே இல்லை. அதனால் தோற்கத் தெரியவில்லை என்று பல வருஷம் கழித்து அவரே ஒத்துக்கொண்டார்.

இது புதுசா? ஏதேன் தோட்டத்திலேயே ஆரம்பித்த வியாதி இது! ஆதியாகமம் 3ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் ஆதாமைக் கேட்கிறார். ஆதாம் மனைவியைக் காட்டுகிறான். அந்த மனைவியைக் கொடுத்த தேவனையும் சேர்த்தே காட்டுகிறான். ஏவாள் சர்ப்பத்தைக் காட்டுகிறாள். "ஆமாம் ஆண்டவரே, நான்தான் சாப்பிட்டேன், மன்னியும்" என்று நேரே சொல்லி நிறுத்த அந்தத் தோட்டத்தில் ஆள் இல்லை.

சாக்கு சொல்லும்போதெல்லாம் நம்முடைய கை மடங்கியே இருக்கிறது. மடங்கின கையில் ஆண்டவர் எதை வைப்பார், சொல்லுங்கள்?

ஃபோர்மேனின் பெனியேல்

1977 மார்ச் 17. புவெர்ட்டோ ரிக்கோவின் சான் வான் நகரம். தாங்க முடியாத வெக்கை. ஜிம்மி யங் என்னும் வீரரோடு 12 ரவுண்டு மோதி, கடைசி ரவுண்டில் ஒரு தடவை கீழேயும் விழுந்து, புள்ளிக் கணக்கில் ஃபோர்மேன் தோற்றார். உடை மாற்றும் அறைக்கு வந்தபோது மரண பயம் அவரைப் பிடித்தது. வெறுமையான ஒரு இருட்டுக்குள் விழுகிறதுபோல இருந்ததாம். தர்மத்துக்குப் பணம் கொடுக்கிறேன் என்று மனசுக்குள் பேரம் பேசினாராம். தேவன் பணத்தைக் கேட்கவில்லை, தன்னையே கேட்டார் என்று உணர்ந்ததாகச் சாட்சி சொல்லியிருக்கிறார். அங்கேயே இயேசுவின் நாமத்தைச் சொல்லிச் சத்தம் போட்டார். அறையில் இருந்தவர்கள் திகைத்துப்போனார்கள்.

டாக்டர்கள், வெப்பத்தால் வந்த களைப்பு, தலையில் பட்ட அடி என்று சொன்னார்கள். உடம்புக்கு அது சரியாகவும் இருக்கலாம். ஆனால் களைப்பு நாலு நாளில் தீர்ந்துபோகும். அந்த ராத்திரிக்குப் பின் ஃபோர்மேன் பத்து வருஷம் ரிங்குக்குள் கால் வைக்கவில்லை! கோடிகள் கிடைக்கும் 28 வயதில் விட்டுவிட்டு, தெருமுனையில் நின்று பிரசங்கித்தார். ஊழியராக அபிஷேகம் பண்ணப்பட்டு, ஹூஸ்டனில் ஒரு சின்ன சபையை நடத்தினார். அல்லேலூயா!

யாப்போக்கு ஆற்றங்கரையில் யாக்கோபு போராடினதும் விடியற்காலம்வரைதான். அவனும் அதுவரை ஜெயித்தே பழகினவன். அண்ணனை ஜெயித்தான், அப்பாவை ஜெயித்தான், மாமனையும் ஜெயித்தான். பெனியேலில் தொடை சுளுக்கினது. நொண்டி ஆனான். ஆனால் ஆசீர்வாதம் வாங்கினது எப்போது? நொண்டி ஆன ராத்திரியில்தானே! தோற்ற இடத்தில்தான் தேவன் அவனுக்குப் புதுப் பெயர் வைத்தார்.

நான் சொல்வதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதேயுங்கள். ஃபோர்மேனைக் குறையில்லாத பரிசுத்தவானாக நான் காட்டவில்லை. ஐந்து தடவை திருமணம் செய்தவர். முதல் நான்கும் நிலைக்கவில்லை. 1985ல் மணந்த மனைவியோடுதான் கடைசிவரை வாழ்ந்தார். நாம் பார்ப்பது அவரை அல்ல, அவரைச் சுமந்த கிருபையை.

திரும்பவும் கிளவுஸ்

1984ல் தம்முடைய தம்பியோடு சேர்ந்து ஹூஸ்டனில் வாலிபருக்காக ஒரு மையத்தை ஆரம்பித்தார். தன்னைப்போலத் தெருவில் சுற்றுகிற பையன்கள் உள்ளே வந்து விளையாட ஒரு இடம். கொஞ்ச நாளில் கைப்பணம் கரைந்தது. ஜனங்களிடம் கேட்டுக் கேட்டு வாங்க அவருக்கு மனசு கூசினது. எனக்குத் தெரிந்த ஒரு தொழில் இருக்கிறதே என்று யோசித்தார். கூடாரம் தைத்து ஊழியம் செய்த பவுலை நினைத்துக்கொள்ளுங்கள்.

1987 மார்ச்சில் திரும்பவும் ரிங்குக்கு வந்தார். வயது 38. எடை 120 கிலோவுக்கு மேல். ஜனங்கள் சிரித்தார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார்! அதுதான் புதுசு. 1974ல் முறைத்த முகம் இப்போது தன்னைத்தானே கேலி பண்ணியது. அதே கை, அதே பலம். ஆனால் இப்போது எதிரியின்மேல் பகை இல்லாமல் சண்டை போடப் பழகினார். 1991ல் ஹோலிஃபீல்டிடம் 12 ரவுண்டும் நின்று தோற்றார். இந்தத் தடவை ஒரு சாக்கும் சொல்லவில்லை. எழுந்து போய்த் திரும்பவும் பயிற்சியைப் பார்த்தார்.

1994 நவம்பர் 5, லாஸ் வேகாஸ். எதிரே தோல்வியே காணாத 26 வயதுச் சாம்பியன் மைக்கேல் மூரர். ஃபோர்மேனுக்கு 45. கின்ஷாசாவில் தோற்றபோது போட்டிருந்த அதே பழைய கால்சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். ஒன்பது ரவுண்டு அடி வாங்கினார். புள்ளிக் கணக்கில் பின்தங்கி இருந்தார். பத்தாம் ரவுண்டில் வலது கையால் ஒரு குத்து. மூரர் எழும்பவில்லை. ஃபோர்மேன் தன் மூலைக்குப் போய் முழங்காலில் நின்று ஜெபித்தார். இத்தனை வயதில் ஹெவிவெயிட் பட்டம் ஜெயித்தவர் உலகத்திலேயே அவர் ஒருவர்தான்.

"பார்த்தீர்களா, இழந்ததைத் தேவன் இரட்டிப்பாய்த் திருப்பித் தருவார்!" என்று இங்கே நிறுத்திப் பிரசங்கிக்க எனக்கும் ஆசைதான். நீங்களும் ஆமென் சொல்வீர்கள். ஆனால் 1995லேயே அந்தப் பட்டங்கள் அவர் கையை விட்டுப் போய்விட்டன. பெல்ட்டைப் பற்றியதல்ல இந்தச் சாட்சி.

அந்த ராத்திரி அவருடைய மூலையில் நின்றவரைப் பாருங்கள். அவர் பெயர் ஆஞ்சலோ டன்டீ. யார் இவர்? கின்ஷாசாவில் அலியின் மூலையில் நின்ற பயிற்சியாளர்! அன்றைக்குக் கயிறு தொளதொளத்ததற்கே இவர்தான் காரணம் என்று ஃபோர்மேன் தரப்பில் சந்தேகப்பட்ட அதே மனுஷன். இருபது வருஷம் கழித்து, ரவுண்டுக்கு ரவுண்டு வந்து உட்கார்ந்து, அதே மனுஷனிடம் ஆலோசனை கேட்கிறார்.

இன்னொரு காட்சி. 1997 மார்ச்சில் ஆஸ்கர் விருது விழா. கின்ஷாசா சண்டையைப் பற்றி எடுத்த ஆவணப்படத்துக்கு விருது கிடைத்தது. அலியையும் ஃபோர்மேனையும் மேடைக்கு அழைத்தார்கள். அலிக்கு அப்போது பார்க்கின்சன் வியாதி முற்றியிருந்தது, படியேற முடியவில்லை. ஃபோர்மேன் அவருடைய கையைப் பிடித்துப் படியேற்றிவிட்டார். கோடிக்கணக்கான பேர் பார்த்தார்கள்.

சபையாரே, அந்தக் கையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். 1974ல் அந்த மனுஷனை அடித்து வீழ்த்த மடக்கின கை அது. 1997ல் அதே மனுஷன் விழாதபடிக்குத் தாங்குகிறது. பெனியேலில் நொண்டின யாக்கோபு மறுநாள் என்ன செய்தான்? இருபது வருஷமாகப் பயந்து ஓடின அண்ணனுக்கு எதிரே நடந்துபோனான். தேவனிடம் தோற்றவனால்தான் அண்ணனைக் கட்டிப்பிடிக்க முடியும். ஆதியாகமம் 32ஐ விரும்பி வாசிக்கிறோம். 33ஐயும் சேர்த்து வாசியுங்கள்.

என்னுடைய கை

இப்போது என் சாட்சி. எழுதுவதற்குக் கஷ்டமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

பதினொரு வருஷத்துக்கு முன்பு நம் சபையிலிருந்து ஒரு சகோதரன் 14 குடும்பங்களோடு வெளியே போனது பழைய விசுவாசிகளுக்குத் தெரியும். வாலிபர் ஊழியத்தை அவர்தான் பார்த்தார். எனக்குத் தம்பிபோல இருந்தவர். அவர் ஆடுகளைத் திருடிவிட்டார் என்று பிரசங்க பீடத்திலேயே மறைமுகமாகப் பேசினேன். பிசாசின் கிரியை என்றேன். அவருடைய மாமனார் தூண்டிவிட்டார் என்றேன். கயிறு தொளதொளத்தது, தண்ணீரில் மருந்து... எல்லாச் சாக்கும் சொன்னேன்.

சொல்லாதது ஒன்று இருந்தது. அவர் போவதற்கு ஒரு மாதம் முன்னே, கமிட்டிக் கூட்டத்தில், காணிக்கைக் கணக்கில் ஒரு தொகை உதைக்கிறது என்று அவருடைய மனைவிக்கு முன்பாகவே அவரைக் கத்தினேன். "எங்கய்யா போச்சு பணம்?" என்று கேட்டேன். அந்த அம்மாள் தலையைக் குனிந்துகொண்டார்கள். இரண்டு நாள் கழித்து அந்த ரசீது என்னுடைய வேதபுத்தகத்தின் உறைக்குள் இருந்தது. நான்தான் வைத்திருக்கிறேன். யாரிடமும் சொல்லவில்லை. கமிட்டியில் சொல்லவில்லை, என் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. பதினொரு வருஷம் அந்த ரசீதை மடக்கின கைக்குள் வைத்துக்கொண்டேதான் உங்களுக்கு மன்னிப்பைப் பற்றிப் பிரசங்கித்தேன்.

ஃபோர்மேன் அலியைப் படியேற்றின படத்தைப் பார்த்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. விடியற்காலை நாலு மணிக்கு என் மனைவியை எழுப்பி எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "என்கிட்ட சொல்லி என்னங்க ஆகப்போகுது? அவங்க வீட்டுக்குப் போங்க" என்றாள்.

போனேன். கதவைத் திறந்தது அந்த அம்மாள்தான். உள்ளே திரும்பி, "ஏங்க, பாஸ்டர் ஐயா வந்திருக்காங்க" என்றார்கள். கால் நடுங்கினது. நான் உட்காரவில்லை. நின்றபடியே ரசீதைப் பற்றிச் சொன்னேன். "உன் பேர்ல தப்பே இல்லப்பா. தப்பு என்னுது. அம்மா, நீங்களும் என்னை மன்னிக்கணும்" என்றேன்.

அவர் உடனே கட்டிப்பிடிக்கவில்லை. கொஞ்ச நேரம் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தக் கூட்டத்துக்கப்புறம் ஒரு வருஷம் என்னால ஜெபம் பண்ண முடியல ஐயா" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. இன்றைக்கும் இல்லை. காபி வந்தது. குடித்தோம். கிளம்பும்போது அவரே கையை நீட்டினார். இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு ஜெபித்தோம். அந்த 14 குடும்பமும் அங்கேயே இருக்கட்டும். அது கர்த்தருடைய சபை. அவர்களைத் திரும்பக் கூப்பிட நான் போகவில்லை.

கமிட்டியிடம் சொல்லிவிட்டேன். இப்போது உங்கள் எல்லாரிடமும் சொல்கிறேன். அவரைத் திருடன் என்று நினைத்திருந்தால், அந்த நினைப்பை உங்களுக்குள் வைத்தவன் நான். தயவுசெய்து என்னை மன்னியுங்கள்.

உங்கள் கை எப்படி இருக்கிறது?

மாற்குவின் சுவிசேஷம் 3ஆம் அதிகாரத்தில் சூம்பின கையுள்ள ஒருவனை ஆண்டவர் எல்லாருக்கும் நடுவே நிற்கச் சொன்னார். பிறகு அவனிடம் கேட்டது ஒன்றே ஒன்று: கையை நீட்டு. நீட்டும்போதே சுகம் வந்தது.

அண்ணன் தம்பிக்குள் சொத்துச் சண்டையா? மாமியாரோடு பேசி எத்தனை வருஷம் ஆச்சு? கூட வேலை செய்கிறவரைப் பற்றி நீங்கள் சொல்லாமல் மறைத்த உண்மை ஏதாவது உண்டா? உபவாசக் கூட்டத்தில் இரண்டு கையையும் உயர்த்தித் துதிக்கிறோம். நல்லது. ஏசாயா 58ஐ வாசித்துவிட்டு உயர்த்துங்கள். உபவாசம் இருந்துகொண்டே பிறனைக் குத்துகிற கையை அங்கே தேவன் கண்டிக்கிறார்.

எழுப்புதல் வரவேண்டும் என்று வெள்ளிக்கிழமைதோறும் ஜெபிக்கிறோம். மைக்கிலும் தாளத்திலும் அதைத் தேடவேண்டாம். யாராவது ஒருத்தர் வீட்டுக் கதவை நாம் தட்டுகிற சத்தத்தில் அது ஆரம்பிக்கட்டும். இந்தப் பத்திரிகையை மடித்து வைத்ததும் உங்கள் மனசில் ஒரு பெயர் வரும். வந்துவிட்டதா? அதுதான் நீங்கள் போகவேண்டிய வீடு.

ஜெபிப்போம். அன்பின் பரலோகப் பிதாவே, தோற்றதை ஒத்துக்கொள்ள எங்களுக்குக் கிருபை தாரும். எங்கள் சாக்குகளை எடுத்துப்போடும். மடங்கின எங்கள் கைகளை ஆணியடிக்கப்பட்ட உம்முடைய கையால் திறந்தருளும். யாரை விழத்தள்ளினோமோ அவர்களைத் தாங்குகிற கையாக மாற்றும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம் பிதாவே, ஆமென்.

கர்த்தருடைய ஊழியத்தில்,
உங்கள் போதகர்